லெவோடோபா மாத்திரை மூளைக்குப் போய்ச் சேர: பார்க்கின்சன் உள்ளவரைப் பார்த்துக்கொள்ளும் நம் வீடுகளுக்கு

பார்க்கின்சன் (நடுக்கமும் விறைப்பும் கொண்டுவரும் மூளை நோய்) என்று டாக்டர் சொல்லி, லெவோடோபா மாத்திரை எழுதி, பக்கத்தில் ‘ஒரு நாளைக்கு மூன்று’ என்று போட்டு அனுப்பிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் புண்ணாகும் என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மற்றப் பல மாத்திரைகளுக்கு அது சரி. ஆனால் இந்த மாத்திரையை ஒரு கிண்ணம் மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்), அதன் மேல் ஒரு அவித்த வாத்து முட்டை என்று சாப்பிட்ட கையோடு கொடுத்தால், அன்று காலை அது வேலை செய்யுமா என்பதே சந்தேகம்.

நான் ரங்கூனில் என் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். மாத்திரை டப்பாவுக்குள் இருக்கும் தாள் ஆங்கிலத்தில், டாக்டர் பேசுவது பர்மிய மொழியில், அம்மா வாசிப்பது தமிழில். கோயிலில் பார்க்கிறவர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று நிறையப் பேர் இதே கேள்விகளோடு வருகிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை, அதில் நான் கை வைக்கமாட்டேன், நீங்களும் வைக்காதீர்கள். எந்த நேரத்தில், எதோடு, எதற்கு முன்னால் கொடுப்பது என்பது வீட்டில் இருப்பவர்கள் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்ய, மாத்திரை உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டாலே முக்கால்வாசி முடிந்துவிடும்.

முதலில் மூளையில் என்ன நடக்கிறது

மூளைக்கு அடியில், நடுமூளையில், கருப்பாகத் தெரியும் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அங்கே இருக்கும் நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, மூளையின் உள்ளே ஆழத்தில் இருக்கும் இன்னொரு பகுதிக்கு நீளமான இழைகள் வழியாக அனுப்புகின்றன. எந்த அசைவைத் தொடங்க வேண்டும், எதை அடக்க வேண்டும் என்று அந்த இரண்டாவது பகுதி பார்த்துக்கொள்கிறது. டோபமைன் போதுமான அளவு வந்தால் அசைவைத் தொடங்கிவிடும் பாதை திறந்து, தடுக்கும் பாதை அமுங்கும். வராவிட்டால் நேர்மாறு: கை அசைய நினைக்கும், தசையில் பலமும் இருக்கும், ஆனால் அசைவு தொடங்காது. பார்க்கின்சனில் டோபமைன் தயாரிக்கும் அந்த அணுக்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. கை நடுங்குகிறது என்று நாம் கவனிக்கிற நேரத்தில் அந்த அணுக்களில் ஏறக்குறையப் பாதி ஏற்கெனவே போயிருக்கும், அவை அனுப்பும் டோபமைன் அதைவிடவும் குறைந்திருக்கும். அதனால்தான் மோப்பம் மங்குவது, தூக்கத்தில் கத்திக்கொண்டு கை காலை உதறுவது, மலச்சிக்கல் எல்லாம் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்னாலேயே வந்திருக்கலாம். பின்னால் திரும்பிப் பார்த்தால்தான் ‘ஆமாம், அப்பவே இருந்ததே’ என்று தோன்றும்.

இதைக் கண்டுபிடித்த கதையில் நமக்குத் தெரிந்த ஒரு செடி வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கதைக்காக மட்டும் இல்லை, இதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. சர்ப்பகந்தி என்ற செடி இந்தியாவிலும் பர்மாவிலும் காடுகளில் வளர்வது. அதன் வேரை ரத்தக் கொதிப்புக்கும் தூக்கத்துக்கும் சித்தப்பிரமைக்கும் நம் வைத்தியர்கள் வெகு காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனி ஆட்கள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். சுவீடன்காரரான ஆர்விட் கார்ல்சன் 1957-இல் அந்த ரெசர்பினை முயல்களுக்குச் செலுத்தினார். முயல்கள் அப்படியே ஒடுங்கிப் போயின, காது தொங்கிவிட்டது, நகரவில்லை. நரம்பணுவுக்குள் வேதிப்பொருளைச் சேமித்து வைக்கும் சின்னச் சின்னப் பைகளை ரெசர்பின் காலி செய்துவிடும். பிறகு அதே முயல்களுக்கு டோபமைன் உண்டாவதற்கான மூலப்பொருளான எல்-டோபாவை (நம் லெவோடோபாவுக்கே இன்னொரு பெயர்) ஊசியில் ஏற்றினார். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடின. மூளையில் இருக்கும் இன்னொரு வேதிப்பொருளான செரோடோனினின் மூலப்பொருளைக் கொடுத்துப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை.

அதுவரைக்கும் டோபமைன் என்பது வேறொரு வேதிப்பொருள் உண்டாகும் வழியில் நடுவில் வரும் சரக்கு, அதற்கென்று தனி வேலை இல்லை என்றுதான் விஞ்ஞானிகள் நினைத்திருந்தார்கள். அடுத்த வருடமே மூளையில் டோபமைன் தனியாக இருக்கிறது என்று கார்ல்சன் குழு அளந்து காட்டியது, அப்புறம் அது அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில்தான் குவிந்திருக்கிறது என்பதும் தெரிந்தது. 1960-இல் லண்டனில் நடந்த கூட்டத்தில் பெரிய பெரிய மருந்தியல் அறிஞர்கள் அவரை நம்பவில்லை. ஆனால் அதே 1960-இல் வியன்னாவில் ஹோர்னிகீவிச், பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையைச் சோதித்துப் பார்த்து, அந்தப் பகுதியில் டோபமைன் மிகவும் குறைந்திருக்கிறது என்று வெளியிட்டார். மறு வருடம் அவரும் பிர்க்மயர் என்ற டாக்டரும் நோயாளிகளுக்கு எல்-டோபாவை ஊசியில் போட்டார்கள், படுத்தே கிடந்தவர்கள் கொஞ்ச நேரமாவது எழுந்து நடந்தார்கள். 1967-இல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ், வாய்வழியாகவே, சின்ன அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்தால் பலன் நிலைக்கும் என்று காட்டினார். உங்கள் வீட்டு டப்பாவில் இருக்கும் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது எச்சரிக்கை. முயலைப் படுக்க வைத்த அந்த ரெசர்பின் சர்ப்பகந்தி வேரில் இன்றைக்கும் இருக்கிறது. பிரஷருக்கு நல்லது, தூக்கம் வரும் என்று யாராவது ஊரிலிருந்து சர்ப்பகந்திப் பொடியோ மாத்திரையோ கொண்டுவந்து கொடுத்தால், பார்க்கின்சன் உள்ளவருக்கு அதைக் கொடுக்காதீர்கள். கொடுத்தவர் மனசு நோகும் என்று பார்க்க வேண்டாம்.

கடைக்குப் போய் வாங்கும் மருந்துகள்

இதே மாதிரி டோபமைனின் வேலையைக் கெடுக்கும் மருந்துகள் இங்கிலீஷ் மருந்துக் கடையில் ஏராளம், நம்மூரில் சீட்டு இல்லாமலே கிடைக்கின்றன. வாந்தி, குமட்டல் என்று போனால் எடுத்துக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் மூளைக்குள் போய் டோபமைன் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். தலைசுற்றலுக்கு வயசானவர்கள் வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருக்கும் சின்னாரிசினும், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃபுளூனாரிசினும் அந்த வகைதான். இவை பார்க்கின்சன் இல்லாதவருக்கே பார்க்கின்சன் மாதிரியான விறைப்பையும் நடுக்கத்தையும் கொண்டுவரக்கூடியவை. ஆகவே நோய் என்று முடிவு செய்வதற்கு முன்பே, அவர் இதுவரை என்னென்ன மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார் என்று அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். மருந்தை மாற்றியதும் சில மாதங்களில் நடுக்கம் குறைந்துபோகிறவர்களும் உண்டு. ஹாலோபெரிடால், குளோர்புரோமசின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளும் டோபமைனைத் தடுப்பவை, ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக்கூடாது, அது வேறு ஆபத்து. கொடுத்த டாக்டரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும்.

வாந்திக்கு என்ன செய்வது என்றால், டோம்பெரிடோன் பெரும்பாலும் மூளைக்குள் நுழையாது என்பதால் டாக்டர்கள் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கும் இதயத் துடிப்பில் கோளாறு உண்டாக்கும் குணம் இருக்கிறது, இதய நோய் உள்ளவருக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

டோபமைனையே ஏன் கொடுப்பதில்லை

இந்தக் கேள்வியை அம்மாவே கேட்டார்கள், நல்ல கேள்வி. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, ரத்தக் குழாயின் அணுக்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதால் உண்டாவது. டோபமைனால் அதைத் தாண்ட முடியாது. லெவோடோபாவால் முடியும், ஏனென்றால் அது ஒரு அமினோ அமிலம், அமினோ அமிலங்களைக் கூட்டிச் செல்ல அந்தத் தடுப்பில் தனி வாசல்கள் உண்டு. தாண்டிப் போனதும் மிச்சம் இருக்கும் நரம்பணுக்கள் அதை டோபமைனாக மாற்றிக்கொள்ளும்.

சிக்கல் என்னவென்றால் லெவோடோபாவை டோபமைனாக மாற்றும் நொதி மூளையில் மட்டும் இல்லை, குடல், ஈரல் எல்லா இடத்திலும் இருக்கிறது. தனியாக லெவோடோபா மட்டும் கொடுத்தால் பெரும்பகுதி வழியிலேயே மாறிவிடும், மூளைக்கு வெளியே பெருகும் அந்த டோபமைன் குமட்டலைக் கொண்டுவரும். அதனால்தான் கார்பிடோபா அல்லது பென்செரசைடு என்ற துணை மருந்தைச் சேர்த்தே மாத்திரை செய்கிறார்கள். இது மூளைக்குள் போகாது, வெளியில் இருக்கும் நொதியை மட்டும் கட்டிப்போடும். கார்பிடோபா சேர்ந்த பிறகு தேவையான லெவோடோபா அளவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்தது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மாத்திரை அட்டையில் இரண்டு எண் போட்டிருக்கும். ஒன்று லெவோடோபா, மற்றது கார்பிடோபா. சிண்டோபா என்ற இந்திய மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். 110 என்று போட்டதிலும் 125 என்று போட்டதிலும் லெவோடோபா 100 மில்லிகிராம்தான். முன்னதில் கார்பிடோபா 10, பின்னதில் 25. கடைக்காரர் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று மாற்றிக் கொடுத்துவிட்டால் நடுக்கத்தில் பெரிய வித்தியாசம் தெரியாமலே குமட்டல் மட்டும் திடீரென்று வரலாம், ஏனென்றால் வெளியில் இருக்கும் நொதியை முழுக்கக் கட்டிப்போட ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை கார்பிடோபா தேவைப்படும். மருந்து வரத்து சீராக இல்லாத இந்தக் காலத்தில் கடையில் கிடைத்ததைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது, அது உண்மை. ஆனால் வாங்கும்போது இரண்டு எண்ணையும் படியுங்கள், பழைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்துப் பாருங்கள், வேறாக இருந்தால் வீட்டுக்குப் போகும் முன்பே டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். பெயருக்குப் பின்னால் சி.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை, அதைப் பொடிக்கக்கூடாது, மெல்லக்கூடாது.

சாப்பாடும் கடிகாரமும்

நான் சொன்ன அமினோ அமில வாசல் இருக்கிறதே, பிரச்சினையே அங்கேதான். நாம் சாப்பிடும் மீன், முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் செரிமானமாகி அமினோ அமிலங்களாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. அந்த அமினோ அமிலங்களும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும், குடலிலும் அப்படி, மூளையின் தடுப்பிலும் அப்படி. காலை எட்டு மணிக்கு சூலேக்குப் போகிற பஸ்ஸில் வயசான ஒருவர் ஏற முயல்வது மாதிரி, பெரும் கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது லெவோடோபா வெளியிலேயே நின்றுவிடும். அது போக, வயிறு நிறைய இருந்தால் மாத்திரை வயிற்றை விட்டுக் குடலுக்கு இறங்கவே நேரமாகும், உறிஞ்சப்படுவது சிறுகுடலில்தான்.

ஆகவே வழக்கமான மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு, அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து, நிமிர்ந்து உட்கார வைத்து, ஒரு தம்ளர் வெறும் தண்ணீரோடு கொடுங்கள். பால் டீயோடு வேண்டாம். டீக்கடை டீயில் டின் பால் இரண்டு வகை ஊற்றுகிறார்கள், அது பானம் மட்டும் இல்லை, புரதமும்தான். புதிதாகத் தொடங்கியவருக்கு வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு வாழைப்பழம், இரண்டு உப்பு பிஸ்கட், கொஞ்சம் கஞ்சி என்று புரதம் குறைவாக உள்ளதைக் கொடுத்துவிட்டு மாத்திரை கொடுக்கலாம். சில வாரங்களில் குமட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரும்புச் சத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இரும்பு லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும்.

நம் சாப்பாட்டில் புரதம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மொய்ங்கா குழம்பே மீனைக் கரைத்ததுதான், அதில் கடலை மாவும் உண்டு. தேங்காய்ப்பால் கவ்ஸ்வே நூடுல்ஸில் கோழி. அவித்த பட்டாணியும் நான் ரொட்டியும் காலைக்கு வாங்கினால் பட்டாணி. ஷான் தோஃபு கடலைப்பருப்பு. லப்பேயில் (ஊறவைத்த தேயிலைக் கலவை) வறுத்த பயறும் வேர்க்கடலையும். இட்லியில் உளுந்து இருந்தாலும் இரண்டு இட்லிக்குப் பெரிய அளவு வராது, சாம்பாரைக் குறைத்து வெங்காயச் சட்னியோடு கொடுத்தால் காலைக்கு நல்ல சாப்பாடு. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்தில் வேலை செய்ய ஆரம்பித்து, அடுத்த மாத்திரைக்கு முன்பே பலன் தீர்ந்துவிடும் நிலைக்கு வந்தவர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் ஒரு வழி, பகலில் புரதத்தைக் குறைத்து, அன்றைய மீனையும் கறியையும் பருப்பையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளுவது. மொத்தத்தில் குறைக்கக்கூடாது, இதைத் தடித்த எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் தகும். பார்க்கின்சனில் உடம்பு இளைத்துக்கொண்டே போகும், புரதத்தை வெட்டினால் தசை கரைந்து விழுவார்கள். நோய் ஆரம்பத்தில் இருப்பவர், மாத்திரை நாள் முழுக்க நன்றாகப் பிடிப்பவர், இந்த மாற்றத்தையெல்லாம் செய்யத் தேவையில்லை, சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தாலே போதும்.

விரதம் இருக்கிறவர்கள் கவனிக்கவும். வெறும் வயிற்றில் மாத்திரை நன்றாகவே ஏறும், அதனால் வழக்கமான அளவுக்கே கை கால் தானாக நெளிய ஆரம்பிக்கலாம், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். புரட்டாசிச் சனிக்கிழமையோ கந்தசஷ்டியோ, தண்ணீரும் மாத்திரையும் எடுத்துக்கொண்டால் விரதம் கெடாது என்று அவரிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

லெவோடோபா ரத்தத்தில் தங்கும் நேரம் குறைவு. கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுத்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் ரத்தத்தில் இருப்பது பாதியாகும். ஆரம்பத்தில் மூளையில் மிச்சமுள்ள நரம்பணுக்கள் வந்த டோபமைனைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால் இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. அணுக்கள் குறையக் குறையச் சேமிக்க இடமில்லாமல் போய், ரத்தத்தில் ஏறினால் அசைவும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதனால்தான் சில வருடங்கள் கழித்து நேரம் பத்து நிமிடம் தள்ளினாலும் உடம்பு காட்டிக்கொடுக்கிறது. கைபேசியில் மணி வையுங்கள், கரண்ட் போகிற ஊர் என்பதால் சாவி கொடுக்கிற அல்லது பேட்டரி போட்ட கடிகாரம் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ராத்திரியே காலை மாத்திரையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் தலைமாட்டில் மூடி வைத்துவிட்டால், எழுந்த உடனே போட்டுவிட்டு அரைமணி நேரம் படுத்திருக்கலாம், பாத்ரூம் போகும்போது கால் ஒத்துழைக்கும்.

நோட்டு எழுதும் முறை

டாக்டரிடம் போய் ‘சில சமயம் நல்லா இருக்காங்க, சில சமயம் இல்லை’ என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. போவதற்கு முன் மூன்று நான்கு நாளாவது ஒரு நோட்டில் மணிக்கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள்: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எப்போது உடம்பு இளகியது, எப்போது இறுகியது, எப்போது தானாக நெளிந்தது. இறுகுவதும் நெளிவதும் எதிரெதிர். முன்னது மருந்து போதாததைக் காட்டும், பின்னது பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருப்பதைக் காட்டும். இரண்டையும் ‘நடுக்கம்’ என்று ஒரே சொல்லில் எழுதினால் டாக்டர் அளவைக் கூட்ட வேண்டிய இடத்தில் குறைத்துவிடுவார், குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடுவார்.

நான் கடைப்பிடிப்பது இது. காலை மாத்திரைக்கு முன்னால் அம்மாவிடம் நோட்டைக் கொடுத்து ‘ஓம் முருகா துணை’ என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். ஒரு மணி நேரம் கழித்து அதற்குக் கீழே அதையே மறுபடி எழுதச் சொல்வேன். முதல் வரியில் ‘ஓம்’ ஓரளவு பெரிதாகத் தொடங்கி, ‘முருகா’வில் சுருங்கி, ‘துணை’ வரும்போது ணகரத்தின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி எறும்பு அளவுக்கு வந்து நிற்கும். இரண்டாவது வரியில் கடைசி எழுத்து வரை சுழி திறந்திருக்கும். பார்க்கின்சனில் எழுத்து சிறுத்துப்போவது தெரிந்த அறிகுறிதான், அதை இப்படி வரி வரியாகப் பார்த்தால் எந்த நாள் மாத்திரை ஏறியது, எந்த நாள் ஏறவில்லை என்று கண்ணுக்கே தெரிகிறது. ஏறாத நாளின் பக்கத்தில் என்ன சாப்பாடு என்று பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். சாப்பாட்டில் காரணம் இல்லை என்றால் மலம் போய் எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். இந்த நோயில் வயிறும் குடலும் மெதுவாகும், அடைத்துக்கொண்டால் மாத்திரையும் சரியாக இறங்காது. தண்ணீர், பப்பாளி, கீரை, அதிலும் சரியாகாவிட்டால் டாக்டர் தரும் மருந்து.

எழுதத் தெரியாதவர் என்றால் ரவிக்கைக் கொக்கி மாட்ட, சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக் குறித்தாலும் போதும்.

கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்போது

வாசற்படியில், குறுகலான இடத்தில், திரும்பும்போது, கால் ஒட்டிவிட்ட மாதிரி நின்றுவிடுவார்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்கள். டோபமைன் குறைந்ததால் கெட்டுப்போனது அசைவை உள்ளிருந்து தானாகத் தொடங்கும் வழிதான். கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ தொடங்குவதற்கு மூளையில் வேறு வழி இருக்கிறது, அது பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்யும். அதனால் தரையில் அவர் ஓரடி வைக்கும் தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே நிற நாடா ஒட்டிவிட்டு, ஒவ்வொரு கோட்டையும் தாண்டச் சொல்லுங்கள். அல்லது ‘ஒண்ணு, ரெண்டு’ என்று தாளமாக எண்ணுங்கள். சமதரையில் நின்றுவிடுகிறவர் மாடிப்படியில் மடமடவென்று ஏறுவதைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் ‘நடிக்கிறார்’ என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன், வேதனையாக இருந்தது. அவர் நடிக்கவில்லை. படி ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் கோடாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் லிஃப்ட் இல்லாத நம் ஆறு மாடிக் கட்டடங்களின் செங்குத்தான படிகளில் இறங்கும்போது ஒருவர் முன்னால் நின்றே ஆக வேண்டும்.

குரலும் எழுத்து மாதிரியே சிறுத்துக்கொண்டு போகும். தினமும் தேவாரமோ திருப்புகழோ அடுத்த அறைக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

பூனைக்காலி விதை பற்றி

பூனைக்காலி விதை பார்க்கின்சனுக்கு நல்லது என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள், கார்ல்சனின் முயல்களுக்கு இருபது வருடம் முன்னால். 2004-இல் லண்டனில் 8 பேருக்குக் கொடுத்துப் பார்த்த சின்னச் சோதனையில் விதைப் பொடி மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கியது. அப்படியானால் வாங்கிக் கொடுக்கலாமா? நீங்களாகக் கொடுக்காதீர்கள். பொடிக்குப் பொடி லெவோடோபா அளவு மாறும், கார்பிடோபா அதில் இல்லை. மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் எது எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும்.

எதைப் பார்த்தால் உடனே கிளம்ப வேண்டும்

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் கடும் விறைப்பு, அதிகக் காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம், அது வந்தால் ஆஸ்பத்திரிதான். கடைசி அட்டை தொடங்கும்போதே அடுத்ததைத் தேடுங்கள், கிடைக்கவில்லை என்றால் தீரும் முன்பே டாக்டரிடம் மாற்று கேளுங்கள்.

இல்லாத ஆட்கள், பூனைகள், குழந்தைகள் தெரிகிறார்கள் என்று சொன்னால் பேய் பிசாசு என்று போக வேண்டாம், மருந்தாலும் வரும், நோயாலும் வரும், கிருமித் தொற்றாலும் வரும், டாக்டருக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சொல்லக் கூச்சப்பட்டு நிறைய வீடுகளில் மறைக்கிறார்கள். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாதிரி, டோபமைன் போலவே நடிக்கும் மருந்துகள் அசைவுப் பகுதியோடு நிற்காமல், ஆசையையும் பரிசையும் கவனிக்கும் பகுதியையும் தூண்டும். வாழ்நாள் முழுக்கச் சூதாட்டம் பக்கமே போகாத அப்பா திடீரென்று 2டி, 3டி என்று நம்பர் சூதாட்டம் எழுத ஆரம்பித்தால், அல்லது தேவையில்லாமல் வாங்கிக் குவித்தால், அல்லது வேறு வகையில் அடக்க முடியாத ஆசை தெரிந்தால், அவர் குணம் கெட்டுவிட்டது என்று சண்டை போடுவதற்கு முன்னால் மாத்திரைப் பெயரைப் படித்துப் பாருங்கள். டாக்டர் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காசு விரயமானதை மட்டும் சொல்லாமல் மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கோ தலயாத்திரைக்கோ சென்னை போகிறவர்கள்: அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். போகும் நாளில் கடிகாரத்தைப் பார்க்காமல், கடைசி மாத்திரையிலிருந்து எத்தனை மணி நேரம் என்று எண்ணிக் கொடுங்கள். மாத்திரையை லக்கேஜில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அங்கே மருந்து கொடுக்கும் நேரம் வார்டு நேரம், உங்கள் அப்பாவின் நேரம் இல்லை. ஒரு அட்டையில் பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும் நோயின் பெயர், மாத்திரையின் பெயரும் இரண்டு எண்களும், கொடுக்கும் மணிகள், அதன் கீழே ‘மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின், ஹாலோபெரிடால் கொடுக்க வேண்டாம்’ என்று எழுதி வையுங்கள். பர்மிய எழுத்து சரியாக வராது என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் கொடுத்து எழுதி வாங்கிக்கொள்ளலாம். அறுவைச் சிகிச்சை என்றால் மயக்க மருந்து டாக்டரிடமும் இதைக் காட்டுங்கள். ஒரு அட்டையை அவருடைய கைபேசி உறைக்குள் வையுங்கள், இன்னொன்றை வீட்டில் மாத்திரை டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.